கூரைப் பாலத்தின் கீழே

அன்று காலையும் கேத்தில் காலியாக இருந்தது.

படுக்கப் போகும் முன் அதைத் தண்ணீரால் கழுத்துவரை நிரப்பி வைப்பது நிரஞ்சனியின் பழக்கம். விடியமுன் எழுந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு அதில் இரண்டு நிமிடம் மிச்சம். சுவிட்சைத் தட்டினாள். கேத்தில் வெறும் வயிற்றோடு ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு துளி இல்லை. யாரோ துணியால் ஒற்றி எடுத்து வைத்ததுபோல அடிவரை காய்ந்து கிடந்தது. ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று வறண்டுதான் இருக்கும், மூக்குக்குள் இரத்தம் கசிகிற அளவுக்கு வறளும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் மூடி வைத்த கேத்திலில் இருந்து ஒரே இரவில் இரண்டு லீற்றரைக் குடித்து முடிக்கிற ஹீட்டர் மொன்றியலில் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

அவள் அதைப்பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை. குழாயைத் திறந்து மறுபடி நிரப்பினாள். கணவர் பேரின்பநாதன் போன பிறகு அவள் எதைப்பற்றியும் மேற்கொண்டு யோசிப்பதில்லை.

அவர் ஜனவரியில் போனார். வாசலில் குவிந்த பனியைச் சவலால் வழித்துக்கொண்டிருந்தவர், அதன் நீண்ட பிடியில் இரண்டு கைகளையும் வைத்து அதன்மேல் நாடியை ஊன்றிக் களைப்பாறுகிறவர்போல நின்றார். மாடி ஜன்னலில் நின்ற நிரஞ்சனி, தேத்தண்ணி ஆறுகிறது, மேலே வாருங்கள் என்று கண்ணாடியில் தட்டினாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாம் முறை தட்டியபோது சவலோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தார்.

செத்த வீட்டில் அவள் அழவில்லை. கல்லுப்போல நிற்கிறாள் என்று பின்வரிசையில் இருந்தவர்கள் கதைத்தது அவளுக்குக் கேட்காமல் இல்லை. துக்கம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அவளும் வாசலைப் பார்த்தபடிதான் இருந்தாள். அது வழிதவறி வேறு யாரோ வீட்டுக்குப் போய்விட்டது. ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் மரக்கறிக் குளிரறையில் வேலை செய்கிறவளுக்கு விறைப்பு ஒன்றும் புதிதல்ல. முட்டைக்கோவாவுக்கு மேலிலையைக் கழிக்கும்போது கத்தி விரலில் பட்டாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்றி இரத்தத்தைக் கண்டால்தான் தெரியும். அந்த விறைப்பு இப்போது விரலில் இருந்து மேலே ஏறிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

கேத்திலோடு அது நிற்கவில்லை. அவருடைய படத்துக்கு முன்னால் வைத்த செம்பு பின்னேரத்துக்குள் வற்றியது. ஃப்ரிஜ்ஜில் இருந்த தண்ணீர்ப் போத்தல்கள் வெறும் போத்தல்களாக வரிசையில் நின்றன. ஒருநாள் அவள் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது சமையலறைக் குழாய் திறந்து ஓடுகிற சத்தம் கேட்டது. மெல்லிய, ஒரே சீரான, ஏதோ ஒன்றுக்குள் விழுந்து விழுந்து குரல் உயர்ந்துகொண்டே போகிற சத்தம். அவள் போய்ப் பார்க்குமுன் அது நின்றது. சமையலறையில் யாரும் இல்லை. பழைய மரத்தின் நெடி மட்டும் இருந்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த கொட்டிலைத் திறக்கும்போது வருகிற, தூசியும் வைக்கோலும் சேர்ந்த காய்ந்த நெடி. பின்பக்க மாடிப்படியில் யாரோ பாரமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு படிப்படியாக இறங்கிப் போவது கேட்டது. சளக், சளக் என்று.

அது மகன்தான். மிதுசன். அது அவளுக்குத் தெரிய இன்னும் சில நாள் எடுத்தது.

ஏப்ரலில் லவாலில் உள்ள ரயர் கடைகளுக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். பனிக்கால ரயரைக் கழற்றிக் கோடைக்கால ரயரைப் பூட்ட ஊர் முழுவதும் வரிசையில் நிற்கும். அப்படி ஒரு கடையில்தான் மிதுசன் வேலை செய்தான். வரிசையில் பத்தாவது காருக்குச் சக்கரம் பூட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே முன்னால் கவிழ்ந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளிலும் சேலைன் ஏற்றினார்கள். இருபத்துமூன்று வயதுப் பெடியனின் உடம்பில் தண்ணீர் இல்லை என்று டொக்ரர் பிரெஞ்சில் சொன்னார். அவளுக்கு விளங்கவில்லையோ என்று ஆங்கிலத்திலும் சொன்னார். சிறுநீரகங்கள் அடிபடத் தொடங்கிவிட்டன, இன்னொருமுறை இப்படி வந்தால் திருப்ப முடியாமல் போகலாம் என்றும் சொன்னார். வெடித்துத் தோலுரிந்த உதடுகளோடு, கண்கள் உள்ளே போய், மிதுசன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

நிரஞ்சனிக்குப் பயம் வந்தது. தடித்த போர்வைக்கு அப்பால் நின்று யாரோ தட்டுவதுபோலத்தான் வந்தது. ஆனாலும் வந்தது. இவனையும் விட்டால் தனக்கு யாரும் இல்லை என்ற எண்ணம் அவளுக்குள் தெளிவாக இருந்தது. இந்த விறைப்புக்குள்ளும் தெளிவாக இருந்த ஒன்று அது மட்டுமே.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அவனுடைய கார் டிக்கியைத் திறந்தாள். தெருமூலை டெபனர்க் கடைகளில் விற்கும் பெரிய நீலத் தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கி இருந்தன. எல்லாம் காலி. காய்ந்த மரத்தின் நெடி அங்கேயும் இருந்தது.

மேலே வந்து ஒரு கிளாஸ் தண்ணீரை அவனுக்கு முன்னால் வைத்தாள்.

"குடி."

"பேந்து குடிக்கிறன், அம்மா."

"இப்ப குடி. நான் பாக்கோணும்."

மிதுசன் கிளாஸை எடுத்தான். எழுந்து போனான். கதவுக்குப் பின்னால் வைத்திருந்த போத்தலை எடுத்து, ஒரு துளி சிந்தாமல் அதற்குள் ஊற்றி, மூடியைத் திருகினான்.

"நான் குடிச்சால் அப்பாவுக்குக் காணாது," என்றான்.

அவன் அதைச் சொன்ன விதத்தில் அழுகை இல்லை, கோபம் இல்லை. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரவேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னான். தன் மகனுக்கும் விறைத்துவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அதற்கு முன், பெப்ரவரியில் அவருடைய அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு. சாம்பலை ஓடுகிற தண்ணீரில் கரைக்கவேண்டும் என்று குருக்கள் சொன்னார். அவர் சொல்வது லேசு. பெப்ரவரியில் மொன்றியலைச் சுற்றி எந்தத் தண்ணீர் ஓடுகிறது? உறைந்த ஆற்றின்மேல் கொட்டில் போட்டு, ஓட்டை துளைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தவகுலசிங்கம் வழி சொன்னார். பார்க்-எக்ஸ்ரென்சனில் ஒரு தமிழர் செத்தால் முதலில் அடிப்பது தவகுலசிங்கத்தின் தொலைபேசிதான். மண்டபம், குருக்கள், பூ, வீடியோ, சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. இல்-பிசார் பக்கம் ஒரு பூங்காவில் பழைய மரப்பாலம் இருக்கிறது, மேலே கூரை, பக்கத்தில் மரச்சட்டம், காற்று அடிக்காது, பனிக்காலத்தில் நாய்கூட வராது என்றார். தான் பனிக்காலத்தில் எல்லாரையும் அங்கேதான் கூட்டிப்போவதாகவும் சொன்னார்.

அந்தப் பாலத்தை நிரஞ்சனி முதன்முதலில் கண்டபோது, இது பாலமா வீடா என்றுதான் நினைத்தாள். வெள்ளைவெளியின் நடுவே, சிவப்புப் பூச்சு உரிந்த நீளமான மரப்பெட்டி ஒன்று, இரண்டு முனையும் திறந்தபடி, தகரக் கூரையோடு நின்றது. உள்ளே போனதும் காற்றின் சத்தம் அறுந்தது. நூறு வருடத்துக்கு மேல் வண்டிகளும் குதிரைகளும் போய்வந்த பலகைகள் காலடியில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் முனகின. பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மரச்சட்டங்கள் வழியாக வெளிச்சம் துண்டு துண்டாக விழுந்து, முன்னால் நடந்த மிதுசனின் முதுகில் ஏறி இறங்கியது. நடுவில் சட்டம் திறந்த இடத்தில் நின்றார்கள். கீழே பனி. ஆள் உயரத்துக்குக் குவிந்த, ஒரு கால்தடம் இல்லாத பனி.

பாலம் என்றால் கீழே ஆறு இருக்கும். அதை யாராவது சந்தேகப்படுவார்களா? கட்டிலில் படுக்கும்போது கீழே தரை இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

மிதுசன் சாம்பல் சட்டியைக் கவிழ்த்தான். பேரின்பநாதன் பனியின்மேல் சாம்பல்நிறத் திட்டாக விழுந்தார். ஒரு சத்தமும் இல்லை. தவகுலசிங்கம் சிவப்புத் துணியையும் தேங்காய்ப் பாதியையும் எலுமிச்சங்காயையும் பூவையும் பின்னால் போட்டார். பனி உருகும்போது எல்லாம் ஆற்றோடு போய்விடும், அங்கிருந்து கடலுக்குப் போய்விடும் என்று சொன்னார். திரும்பிப் பார்க்கக்கூடாது என்றார். மூன்று பேரும் பாலத்தை விட்டு இறங்கி, பனியில் கால்வைத்து நடந்த பிறகும், பின்னால் ஒரு பலகை முனகியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை மிதுசன் இப்போது சொன்னான். மார்ச் கடைசியில் வெயில் ஏற, அப்பா போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று பார்த்து வரலாமென்று போயிருக்கிறான். பனி போயிருந்தது. பாலத்துக்குக் கீழே ஆறு இல்லை. ஓடை இல்லை. வாய்க்கால்கூட இல்லை. புல்தரையில் வெட்டிய ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு கிழவர் நின்று விளக்கம் சொன்னாராம். பாலம் வேறு ஊரில் ஓர் ஆற்றின்மேல் நின்றது, அங்கே புதுப்பாலம் கட்டியபோது இதைக் கழற்றி, சனம் பார்க்கட்டும் என்று இங்கே கொண்டுவந்து பூட்டினார்கள், இதற்குக் கீழே ஒருநாளும் தண்ணீர் ஓடியதில்லை. கிழவர் போன பிறகு மிதுசன் பாலத்துக்குள் நின்றான். கீழே ஒரு சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?"

"நாக்கு அண்ணத்தில ஒட்டி ஒட்டி எடுபடுற சத்தம், அம்மா. பேந்து அப்பா கதைச்சவர். தம்பி, கொஞ்சம் தண்ணி எண்டு."

கையில் குடித்து மிச்சம் வைத்த போத்தல் ஒன்று இருந்தது. அதைப் பலகை இடுக்கில் ஊற்றினான். அடுத்த நாளும் போனான். அடுத்த நாள் அது போதவில்லை. எவ்வளவு கொண்டுபோனாலும் காணவில்லை. தன் பங்கையும் சேர்த்துக் கொண்டுபோகத் தொடங்கினான்.

நிரஞ்சனி தவகுலசிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் முதலில் இருமினார். பிறகு, போன கோடையில் பேரப்பிள்ளைகளோடு அங்கே போனபோதுதான் தனக்கும் தெரியவந்தது என்று ஒத்துக்கொண்டார். தெரிந்த பிறகும் இந்தப் பனிக்காலம் எங்களை ஏன் அங்கே கூட்டிப்போனீர்கள் என்று கேட்டாள். வேறு எங்கே போவது, முன்னம் கரைத்த ஆட்களுக்கு என்ன சொல்வது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"தெரியாமல் இருந்தால் அவையளுக்கு நிம்மதிதானே, தங்கச்சி," என்றார்.

முன்னம் யார் யார் என்று கேட்டாள். அவர் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். தெரிந்த பெயர்கள், கோயிலில் கண்ட பெயர்கள், கடையில் கண்டு சிரித்த பெயர்கள். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் தொலைபேசியை வைத்தாள். கோபம் வந்திருக்கவேண்டும். எதுவும் வரவில்லை.

செய்யவேண்டியது என்ன என்பதில் அவளுக்குக் குழப்பம் இருக்கவில்லை. விறைத்துப்போன ஆளுக்கு அது ஒரு வசதி. அவரை விழுந்த மண்ணோடு சேர்த்துக் கிண்டி எடுத்து, ஆற்றில் கொண்டுபோய்க் கரைப்பது. இப்போது ஐஸ் உடைந்து ஆறு ஓடுகிறது; இல்-பிசார் படகுத்துறை பூங்காவில் இருந்து எட்டும் தூரம். கரைத்தால் முடிந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் குடிப்பாயா என்று மிதுசனிடம் கேட்டாள். குடிப்பேன் என்றான். சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தான்.

"ஆனால் கீழ இறங்க வேண்டாமெண்டு அப்பா சொன்னவர்," என்றான்.

"உன்னைத்தானே சொன்னவர். என்னை இல்லையே."

டிக்கியில் போத்தல்களை நிரப்பி அடுக்கினான். இன்றைக்கு வேண்டாம் என்றாள். எடுத்து முடியும் வரைக்கும் ஊற்றாவிட்டால் அவர் பாவம் என்றான்.

அவர்கள் போன பின்னேரம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பூங்கா முழுவதும் உருகிய பனி சதசதவென்று நின்றது. காலை எடுத்தால் சப்பாத்து மண்ணோடு வந்தது, மண் விடமாட்டேன் என்றது. பனை வடலி உயரத்துக்கு மூடுபனி எழுந்து மரங்களின் இடுப்புவரை மூடியது. எங்கோ தொலைவில் ஆற்றின் இரைச்சல், அதற்கும் அப்பால் பெருந்தெருவில் லொறி ஒன்றின் இரைச்சல். வெளிச்சம் இன்னும் இருந்தது, ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. பாலம் மூடுபனிக்குள் தன் இரண்டு திறந்த வாசல்களோடு நின்றது. வேறு மனிதர் யாரும் இல்லை.

மிதுசன் போத்தல்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குள் போனான். ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவனுக்கு அவ்வளவு பாரத்தைத் தூக்க எங்கிருந்து பலம் வந்தது என்று நினைத்தபடி அவள் பள்ளத்தின் கரையோரமாக இறங்கினாள். ஒரு கையில் மூடிபோட்ட வாளி, மறு கையில் பூச்சாடிக்கு மண் போடுகிற சின்ன மண்வெட்டி. சரிவில் புல் ஈரமாக வழுக்கியது. பாலத்தைத் தாங்கிய கல்சுவரைப் பிடித்துக்கொண்டு, பாலத்தின் நிழல் தொடங்கும் இடத்தில் காலை வைத்தாள்.

கால் புதையவில்லை.

கீழே மண் காய்ந்திருந்தது. பூங்கா முழுக்கத் தண்ணீர் நின்ற அன்று, பாலத்தின் நிழல் விழுகிற அளவுக்கு மட்டும், மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அவள் நடந்தபோது ஓட்டுத்துண்டில் நடப்பதுபோலச் சத்தம் வந்தது. மழை மணம் இல்லை, புல் மணம் இல்லை. அந்தப் பழைய மர நெடி மட்டும், தொண்டைக்குள் பொடியாக இறங்கியது. இருமினாள். இருமல் மேலே பலகையில் பட்டு, இன்னும் இரண்டு மூன்று இருமலாகத் திரும்பி வந்தது.

வெடிப்புகளுக்கிடையில் ஒரு சிவப்புத் துணி கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று, நிறம் வெளுத்து. தேங்காய்ச் சிரட்டைகள். கறுத்துக் கல்லாகிப் போன எலுமிச்சங்காய்கள். சாம்பல் எங்கும் ஒரே நிறமாக இருந்தது. எங்கே ஒருவர் முடிந்து மற்றவர் தொடங்குகிறார் என்று தெரியவில்லை. இருபத்தாறு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவரை இதற்குள் எப்படி அடையாளம் காண்பது? நடுவில்தானே கவிழ்த்தோம் என்று நடுவுக்குப் போய் முழங்காலில் இருந்தாள். மண்வெட்டியால் குத்தினாள். மண் தூளாகியது. அள்ளினாள். விரலுக்கிடையில் ஓடிப்போனது. மறுபடி அள்ளினாள். வாளியில் போட்டதும் வாளியின் அடியில் அது இல்லை.

தொண்டை காய்ந்தது. அவள் எச்சிலை விழுங்கப் பார்த்தாள். விழுங்க எதுவும் இல்லை.

தலைக்கு மேல் மகன் நடந்தான். பலகைகள் முனகின. நின்றான். மூடியைத் திருகும் சத்தம்.

தண்ணீர் ஊற்றத் தொடங்கினான்.

பலகை இடுக்குகளில் இருந்து தண்ணீர் நீளநீளக் கோடுகளாக இறங்கியது. சட்டத்தின் வழியாக வந்த மங்கல் வெளிச்சத்தில் அந்தக் கோடுகள் மினுங்கின. நிரஞ்சனி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். தரையில் ஒரு துளியும் விழவில்லை. தண்ணீர் மேலே இருந்து வந்தது. பாதி வழியில், ஆள் உயரத்தில், முடிந்தது.

மிடறு விழுங்கும் சத்தம் கேட்டது.

இடப்பக்கம் ஒன்று. பின்னால் ஒன்று. பிறகு எல்லாப் பக்கமும்.

அவள் அசையவில்லை. கண் இருட்டுக்குப் பழகியது. அது பழகாமல் இருந்திருக்கலாம். முதலில் நாடிகள் தெரிந்தன. மேலே தூக்கிய நாடிகள். நீட்டிய கழுத்துகள். திறந்த வாய்கள். நெருக்கமாக, தோளோடு தோள் உரச, பாலத்தின் இந்த முனையில் இருந்து அந்த முனைவரை நின்றார்கள். பஸ் தரிப்பில் நிற்பதுபோலப் பொறுமையாக நின்றார்கள். சேலை கட்டியவர்கள் இருந்தார்கள். கோட் போட்டவர்கள் இருந்தார்கள். எல்லார் நிறமும் ஒன்று. மண்ணின் நிறம். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

ஒருவரும் கெட்டவர்களாகத் தெரியவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர்களுக்குத் தாகம். வேறு ஒன்றும் இல்லை.

இவர்கள் இவனை விடமாட்டார்கள்.

ஓடச் சொல்ல வேண்டும். போத்தலை எறிந்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடச் சொல்ல வேண்டும். அம்மாவை விட்டுவிட்டு ஓடு என்று சொல்ல வேண்டும். நிரஞ்சனி எழுந்தாள். முழங்காலில் மண் ஒட்டவில்லை. மேலே, இடுக்கில், மகனின் முகம் ஒரு கோடாகத் தெரிந்தது. வெடித்த உதடு. உள்ளே போன கண்.

அவள் வாயைத் திறந்தாள்.

தண்ணீர் விழுந்தது. நாக்கில்.

குளிர்ந்தது. இனித்தது. ஜனவரிக்குப் பிறகு அவளுக்குச் சுவை தெரிந்தது. நாக்கு தெரிந்தது. தொண்டை தெரிந்தது. நெஞ்சு தெரிந்தது. இவ்வளவு காலம் வராத எல்லாம் ஒன்றாக வந்தது, அவர் சாய்ந்தது, சவல் விழுந்தது, கண்ணாடியில் தட்டிய தன் விரல், எல்லாம். கண் எரிந்தது. அழுகை வந்தது. அழக் கண்ணில் தண்ணீர் இல்லை.

பக்கத்தில் நின்றவர் மெல்ல விலகி அவளுக்கு இடம் விட்டார். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. பேரின்பநாதன்.

"ஏனப்பா இறங்கினனீ?" என்றார். குரல் முழுக்கத் தூசி.

அவள் பதில் சொல்ல வாய் அசைக்கவில்லை. அசைத்தால் ஒரு துளி தவறிவிடும். தோளில் அவருடைய தோள் பட்டது. பின்னால் வேறு யாரோ நெருங்கி நின்றார்கள். இடம் சரியாக இருந்தது. அவளுக்கென்று அளந்து விட்டதுபோல இருந்தது.

கோடுகள் மெலிந்தன. நின்றன. பலகை முனகியது. மிதுசன் முழந்தாளிட்டு இடுக்கில் கண்ணை வைத்தான்.

"அம்மா? எடுத்திட்டீங்களோ?"

போ, ராசா. அதைத்தான் சொல்ல நினைத்தாள். இரண்டு சொல். நாக்கை அண்ணத்தில் இருந்து பிரித்து எடுத்தாள். அது ஒட்டிப் பிடித்து, சத்தத்தோடு எடுபட்டது. அந்த இரண்டு சொல்லை அவள் தேடினாள். தேடிய இடத்தில் ஒன்றும் இல்லை. தாகம் மட்டும் இருந்தது.

"கொஞ்சம் தண்ணி," என்றாள்.

மேலே மகன் எழுந்தான். அவசரம் இல்லாமல், கோபம் இல்லாமல், அடுத்த போத்தலை இழுத்து வைத்தான். மூடி திருகும் சத்தம் கேட்டது.

பாலம் முழுவதும் வாய்கள் திறந்தன. அவளுடையதும் திறந்தது.